டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி: ஐயம்பேட்டையில் வாங்கினால் கட்டுமா?

ஐயம்பேட்டை என்றதும் பலருக்குத் தஞ்சாவூர் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே, முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கும் பட்டு நெசவு ஊர். தறிச் சத்தம், கோயில், தெருவில் நீட்டிப் போட்ட பாவு, காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளுக்குப் போகும் புடவைக் கட்டு. இந்த ஊருக்கும் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கிறது. இந்தியாவின் ஃபோர் வீல் டிரைவ் வரலாற்றில் பாதி இந்த வட்டாரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. வாலாஜாபாத் தாண்டிப் போனால் ஒரகடம். அங்கே ரெனோ நிஸ்ஸான் தொழிற்சாலை 2010-ல் வந்தது. 2014-ல் டஸ்டரின் நான்கு சக்கர இயக்க டீசல் வகை அங்கிருந்துதான் வெளியே வந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு எண்டெவர் தயாரானது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் மிட்சுபிஷி பஜேரோ தயாரானது. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2012-ல் திறந்த மகிந்திரா ரிசர்ச் வேலியில்தான் 2020-ல் வந்த புதிய தார் வண்டி உருவானது. செய்யாறு வட்டாரத்தில் 450 ஏக்கருக்கு மேல் பரப்பில் அதே கம்பெனியின் சோதனை ஓட்டத் தடமும் இருக்கிறது.

ஆக, இந்தப் பக்கத்து இளைஞர்கள் இந்த வண்டிகளைக் கம்பெனி வாசலிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். பல நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்தில் வேலைக்கும் போகிறார்கள். வீட்டில் நாலு காசு சேர்ந்ததும் "ஒரு தார் எடுத்துடலாம்பா" என்ற பேச்சு வருவதில் ஆச்சரியமில்லை. அப்பாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் என்ன தரும்?" கேள்வி சரிதான். ஆனால் அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. ஏன் என்று பார்க்கலாம்.

டீசல் மலிவு என்ற பழைய நினைப்பு

டீசல் வண்டி என்றால் செலவு கம்மி என்பது ஒரு காலத்தில் உண்மை. 2012-ல் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய் விற்றபோது டீசல் 41 ரூபாய்தான். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010-லேயே அரசு நீக்கிவிட்டது. டீசலுக்கு நீக்கியது 2014 அக்டோபரில். இடைப்பட்ட அந்த நாலு வருடம்தான் டீசல் கார்களின் பொற்காலம்.

பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் மீதான வரியில் மட்டும் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. டீசலுக்குக் குறைக்கவில்லை. 2024 மார்ச்சில் விலை குறைந்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு என்ற அளவுக்கு வந்தது. லிட்டருக்கு எட்டரை ரூபாய்க்குள்தான் வித்தியாசம்.

இன்னொரு பக்கம் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தது. டீசல் இன்ஜினின் புகையைச் சுத்தம் செய்ய விலை உயர்ந்த சாதனங்கள் தேவைப்பட்டன. மாருதி கம்பெனி டீசலையே விட்டுவிட்டது. சின்னக் கார்களில் டீசல் இன்ஜின் அநேகமாகக் காணாமல் போனது.

அப்படியானால் பெரிய ஜீப் வகைகளில் மட்டும் டீசல் ஏன் நிலைத்து நிற்கிறது? காரணம் இழுவிசை. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே அதிக இழுவிசை தரும். கனமான வண்டி சேற்றிலோ மேட்டிலோ மெதுவாக ஏற அதுதான் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி இருக்கிறது. இன்ஜினும் அதை வீணாக்காமல் பயன்படுத்துகிறது. ஸ்கார்பியோ என், தார் ராக்ஸ் இரண்டிலும் ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டும் வந்தது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரே கனமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி, பெட்ரோலில் லிட்டருக்கு 9 கிலோமீட்டரும் டீசலில் 12 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொண்டால், 101 ரூபாய் பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 22 காசு ஆகும். 92 ரூபாய் 50 காசு டீசலில் 7 ரூபாய் 71 காசு. டீசல் வகைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் சுமார் 34,000 கிலோமீட்டரில் அது திரும்பிவிடும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்று வருடத்துக்குள். எனவே கனமான ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் டீசலே சரி. ஆனால் அந்த "வேண்டும்" என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்யும், என்ன செய்யாது

சாதாரண வண்டியில் இன்ஜின் சக்தி இரண்டு சக்கரங்களுக்குப் போகும். ஃபோர் வீல் டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கூடுதல் கியர் பெட்டி அதை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும். தார், கூர்க்கா போன்ற வண்டிகளில் லோ ரேஷியோ கியரும் உண்டு. அதைப் போட்டால் வண்டி நடை வேகத்தில், ஆனால் பெரிய பலத்தோடு நகரும்.

இது உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. தேனி மாவட்டத்து கொழுக்குமலைக்குக் கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து போகும் பாதை அப்படி. அங்கே ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஆடம்பரம் இல்லை, பிழைப்பு. மலைத் தோட்டங்களில் தேயிலை மூட்டையும் ஆட்களும் போவது அதில்தான்.

ஐயம்பேட்டையில்? காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு எல்லாமே தார் சாலை. பெங்களூருக்குப் பட்டு நூல் பார்க்கப் போனால் தேசிய நெடுஞ்சாலை. ஜரிகை சூரத்திலிருந்து பார்சலில் வந்துவிடும். விற்கும் சரக்கோ விலை அதிகம், எடை குறைவு. ஒரு புடவை ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். லட்ச ரூபாய் சரக்கை மொபெட்டிலேயே எடுத்துப் போகலாம், போகிறார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார் ரோட்டில் போட்டு ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசத்தை டயரும் டிரான்ஸ்ஃபர் கேஸும்தான் தாங்க வேண்டும். ஆக, காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா, கூடுதல் எடையாகக் கூடவே வரும்.

மழை வெள்ளத்துக்கு உதவுமே என்று பலர் சொல்வார்கள். 2015 வெள்ளமும், 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்துத் தரைப்பாலங்கள் மூழ்கியதும் இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. ஆனால் ஓடும் தண்ணீரில் நான்கு சக்கர இயக்கம் காப்பாற்றாது. இரண்டு அடி ஓடும் தண்ணீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போய்விடும். தரையில் பிடிப்பே இல்லாதபோது எத்தனை சக்கரம் சுழன்றால் என்ன? தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாண்ட உதவுவது வண்டியின் உயரமும், இன்ஜின் காற்று இழுக்கும் இடத்தின் உயரமும். அவை இரு சக்கர இயக்க வகையிலும் கிடைக்கும்.

வரி எங்கே ஒளிந்திருக்கிறது

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியது. நாலு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1500 சி.சி.க்கு மிகாத டீசல் இன்ஜினும் இருந்தால் 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம்.

தார் வண்டியிலேயே இதைப் பார்க்கலாம். 1.5 லிட்டர் டீசல், பின் சக்கர இயக்கம் மட்டும் என்றால் 18 சதவீதம். 2.2 லிட்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ் என்றால் 40 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வண்டி. இழுவிசைகூட இரண்டிலும் 300 நியூட்டன் மீட்டர்தான்.

அடுத்து தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் உயர்த்தியபோது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆனது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் இன்ஜின் அளவைப் பார்த்துத்தான். 2022 ஜூனில் வந்த கட்டண அட்டவணையில் 1000 முதல் 1500 சி.சி. வரை வருடத்துக்கு 3,416 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897 ரூபாய்.

புரிவதற்காக இரண்டு வண்டிகளை முழு எண்ணில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று 15 லட்சம் ஷோரூம் விலையுள்ள டீசல் ஃபோர் வீல் டிரைவ். மற்றது 10 லட்சம் விலையுள்ள 1.5 லிட்டர் டீசல், இரு சக்கர இயக்கம்.

- முதல் வண்டி: விலைக்குள் இருக்கும் ஜிஎஸ்டி சுமார் 4 லட்சத்து 29 ஆயிரம். சாலை வரி 2 லட்சத்து 70 ஆயிரம். மொத்தம் ஏறத்தாழ 7 லட்சம் வரி.
- இரண்டாவது வண்டி: ஜிஎஸ்டி சுமார் 1 லட்சத்து 53 ஆயிரம். சாலை வரி 1 லட்சத்து 30 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 83 ஆயிரம்.

இரண்டு வண்டிக்கும் இடையில் வரி மட்டுமே 4 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இந்தப் பணம் இரும்பாகவும் வரவில்லை, ரப்பராகவும் வரவில்லை.

"கடை பேரில் வாங்கி ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு உள்ளீட்டு வரிச் சலுகையை மறுக்கிறது. வண்டி விற்பவர், டாக்சி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் போன்றவர்களுக்குத்தான் விலக்கு. புடவை வியாபாரிக்கு இல்லை. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வராததால் அதிலும் கழிக்க எதுவும் இல்லை. வருமான வரியில் காருக்கு வருடம் 15 சதவீதத் தேய்மானம் உண்டு. ஆனால் உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரி அதைத் தனியாகக் கழிக்க முடியாது.

ஏழு வருடக் கணக்கு

வருடம் 12,000 கிலோமீட்டர், ஏழு வருடம், மொத்தம் 84,000 கிலோமீட்டர். இரண்டு வண்டியும் கடைசியில் ஷோரூம் விலையில் 40 சதவீதத்துக்கு விற்பனையாவதாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எரிபொருள். ஃபோர் வீல் டிரைவ் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் வருடம் 92,500 ரூபாய். மற்றது 15 கிலோமீட்டர் என்றால் 74,000 ரூபாய். வித்தியாசம் 18,500. (லிட்டருக்கு 16 தரும் சின்னப் பெட்ரோல் கார் என்றால் 75,750 ரூபாய். அதாவது "டீசல் சிக்கனம்" பேசி வாங்கிய பெரிய ஜீப்பைவிடப் பெட்ரோல் காருக்கே எரிபொருள் செலவு குறைவு.)

அடுத்து வண்டியின் மதிப்பு இறங்குவது. ஃபோர் வீல் டிரைவுக்கு விலையும் சாலை வரியும் சேர்த்து 17 லட்சத்து 70 ஆயிரம் போட்டு 6 லட்சத்துக்கு விற்றால், போனது 11 லட்சத்து 70 ஆயிரம். கிலோமீட்டருக்கு 13 ரூபாய் 93 காசு. மற்றதில் 11 லட்சத்து 30 ஆயிரம் போட்டு 4 லட்சத்துக்கு விற்றால், போனது 7 லட்சத்து 30 ஆயிரம். கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 69 காசு.

கவனிக்க வேண்டியது இதுதான். எரிபொருளில் கிலோமீட்டருக்கு வித்தியாசம் ஒன்றரை ரூபாய். மதிப்பு இறங்குவதில் வித்தியாசம் ஐந்து ரூபாய்க்கு மேல். எல்லோரும் மைலேஜையே விசாரிக்கிறார்கள். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது வட்டி. இரண்டு வண்டிக்கும் உள்ள 6 லட்சத்து 40 ஆயிரம் வித்தியாசத்தை மட்டும் 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால், மாதம் சுமார் 13,440 ரூபாய் தவணை. மொத்த வட்டி 1 லட்சத்து 66 ஆயிரம்.

எல்லாவற்றையும், இன்சூரன்ஸ் வித்தியாசத்தையும் கூட்டி ஏழால் வகுத்தால், வருடத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கூடுதல். வருடத்தில் பத்து நாள் ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் தேவைப்பட்டால், ஒரு நாளைக்கு 11,000 ரூபாய். அந்தப் பத்து நாளுக்கு டிரைவரோடு ஜீப்பை வாடகைக்கு எடுத்தாலும் மிச்சம்தான்.

பெரிய டயர், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், முன் அச்சு ஆயில் இந்தக் கணக்கில் சேரவில்லை.

குட்டித் தூர ஓட்டமும் டீசலும்

பி.எஸ். 6 டீசல் வண்டியின் புகைப் பாதையில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை 600 டிகிரி அளவு சூட்டில் அதுவாகவே எரித்துவிடும். அந்தச் சூடு வர வண்டி தொடர்ந்து கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து சங்கம், சங்கத்திலிருந்து சாயப்பட்டறை, சாயங்காலம் கோயில் என்று குட்டிக் குட்டியாக ஓட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டு ஃபில்டரையே மாற்ற நேர்ந்தால் பெரிய செலவு. ஏற்கெனவே டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. ஆட்ப்ளூ திரவம் ஊற்ற வேண்டிய வண்டி என்றால் அதையும் தீரவிடக் கூடாது.

பழைய வண்டி வாங்கினால்?

செகண்ட் ஹேண்டில் எண்டெவரும் டஸ்டரும் ஆசை காட்டும். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அந்த டஸ்டரின் தயாரிப்பு 2022-ல் நின்றது. பக்கத்து ஊரில் தயாரான வண்டி என்பதால் பாகம் எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். வாங்கும் முன் தெரிந்த மெக்கானிக்கோடு போய், மண் தரையில் ஃபோர் வீல் டிரைவையும் லோ கியர் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்த லீவரை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதும் கணக்கில் இருக்கட்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய்.

மழைக்கால மாதங்கள்

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொருந்தும் கணக்கு. ஐயம்பேட்டைக்கு மட்டும் ஒன்று தனியாக இருக்கிறது.

ஃபோர் வீல் டிரைவ் உதவக்கூடிய மாதங்கள் எவை? ஐப்பசி, கார்த்திகை. ஏரிக்கரைப் பாதை சேறாகும், பாலாற்றோரம் தண்ணீர் தேங்கும். அதே மாதங்களில் நெசவாளர் வீட்டில் என்ன நடக்கும்? குழித்தறியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு போட முடியாது. பட்டும் சாயமும் காயாது. தறி நிற்கும், கூலி நிற்கும். பாவு கொடுத்து நெய்ய வைப்பவருக்கும் புடவை வந்து சேராது. ஆனால் தவணைத் தேதி மட்டும் மாதம் தவறாமல் வரும். வண்டி எந்த நாளில் பயன்படுமோ அந்த நாளில்தான் வருமானம் இருக்காது.

மலைத் தோட்டக்காரருக்கு இப்படி இல்லை. மழை நாளில் அவருடைய ஜீப் சம்பாதித்துக் கொடுக்கும். நெசவாளருடைய ஜீப் மழை நாளில் கடன் வாங்கித் தவணை கட்ட வைக்கும். அந்த 6 லட்சத்து 40 ஆயிரம் பட்டிலும் ஜரிகையிலும் இருந்தால், மழை விட்டதும் தைப் பட்டத்துக் கல்யாணங்களுக்குப் புடவையாக மாறிப் பணமாகத் திரும்பும். வண்டியில் போட்டால் வருடா வருடம் இறங்கும்.

மரியாதைக்கு விலை இல்லையா என்றால், இருக்கிறது. பட்டு வியாபாரம் நம்பிக்கையில் ஓடுவது. நல்ல வண்டியில் வந்து இறங்குபவருக்குக் கடைக்காரர் இரண்டு மாதம் கடன் கொடுப்பார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மரியாதை வண்டியின் உயரத்துக்கும் தோற்றத்துக்கும் கிடைப்பது. முன் அச்சுக்குச் சக்தி போகிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 1.5 லிட்டர் தாரும் பொலேரோவும் அதே மரியாதையை வாங்கித் தந்துவிடும். சேறு பயம் இருந்தால் பொலேரோ நியோவில் பின் அச்சு டிஃபரன்ஷியல் லாக் உள்ள வகை இருக்கிறது. ஒரு சக்கரம் வழுக்கினால் அதுவே பிடித்துக்கொள்ளும். வரியும் 18 சதவீதம்தான்.

ஆக, யார் வாங்கலாம்? மலையிலோ, சாலை இல்லாத நிலத்திலோ மாதம் பல நாள் வேலை இருப்பவர் தயங்காமல் டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாம். வருடம் 20,000 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடுபவர் இரு சக்கர இயக்க டீசல் வாங்கலாம். காஞ்சிபுரம், வாலாஜாபாத் என்று சுற்றி வருபவருக்குப் பெட்ரோல் கார் போதும். கையில் உபரிப் பணம் இருந்து, தறிக்குப் போட வேண்டியதைத் தொடாமல், ஆசைக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்குபவரிடம் யாரும் கணக்குக் கேட்கத் தேவையில்லை.

முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு மழைக்காலம் முழுக்க காலண்டரில் குறித்து வைக்கலாம்: "இன்று ஃபோர் வீல் டிரைவ் இல்லாததால் போக முடியவில்லை" என்ற நாளுக்கு ஒரு வட்டம். "இன்று தறி ஓடவில்லை" என்ற நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. பொங்கலுக்குள் இரண்டையும் எண்ணிவிட்டு, அப்புறம் ஷோரூமுக்குப் போகலாம்.